வெட்டுவது முதல் நிலை

செய்முறைப் பயிற்சி மையத்தின் வாசலில் ‘தொட்டுப் பழகுவதே கல்வி’ என்று ஒரு பலகை இருந்தது. அதற்கு நேர் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், ‘எதையும் தொடாதீர்கள்’ என்று இன்னொன்று. இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஒரே இயக்குநர்தான்.

கேபிள்காரர் இரண்டையும் மாறி மாறிப் படித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் தொழிலே தொடுகிற தொழில். பல ஊர்களில் கிளை விட்டிருந்த ஒரு மருத்துவமனைக் குழுமத்தில் ஏணி ஏறி, கூரைக்குள் தலையை விட்டு, ஒட்டடையோடு ஒட்டடையாக ஒயர் இழுத்தே தலை நரைத்தவர். இப்போது தலைமையகம் விழித்துக்கொண்டுவிட்டது. இனிமேல் கிளைக்குக் கிளை ஆள் அலைய வேண்டாம். ஓர் அறையில் ஒரு திரை. அதன் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கிளையில் எந்த லைன் வழியாக எது போக வேண்டும் என்று சொன்னால் போதும், அங்கங்கே இருக்கிற பெட்டிகள் கேட்டு நடந்துகொள்ளும். ஒரு லைன் செத்தால் வேலை தானாகவே இன்னொரு லைனுக்குத் தாவிவிடும். இதற்கு எஸ்டி-வேன் என்று பெயர். இதில் செய்முறைச் சான்றிதழ் வாங்காதவர்கள் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

“வேனா? இந்த வயசுல டிரைவிங் கத்துக்கப் போறீங்களா?” என்று மனைவி கேட்டாள். சிரிப்பதற்காகத்தான் கேட்டாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வேலை போவதுகூட அவருக்குப் பெரிதில்லை. ஏணி வைத்திருப்பவனுக்கு எங்கேயாவது ஒரு சுவர் கிடைக்கும். ஆனால் மனைவியின் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்து ஒன்றரை வருஷமாகிறது. ஊழியரின் குடும்பம் என்ற ஒரே தகுதியில்தான் குழுமத்தின் கிளையொன்றில் அவளுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்தது. வேலை போனால் தகுதி போகும். தகுதி போனால் மெஷின் போகும். மெஷின் போனால் அப்புறம் எது போகும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மையத்தின் கூடத்தில் நட்டநடுவே ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் வெல்வெட் விரித்து ஆறு பெட்டிகள், வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். தலைக்கு மேலே அவற்றுக்கென்று ஒரு விளக்கு. பக்கத்தில் வெள்ளைக் கையுறை மாட்டிய காப்பாளர். கருவிகளைக் காப்பதும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதும் அவர் வேலை. முதல் வேலையில் இருந்த அக்கறையில் இரண்டாவதற்கு அவருக்கு நேரம் போதவில்லை.

“சார், இதுலதான் பழகணுமா?” என்று கேபிள்காரர் கேட்டார்.

“இதுலதான்.”

“எப்ப திறப்பீங்க?”

“இதுக்கு முன்னாடி தொட்டுப் பழகியிருக்கீங்களா?”

“இல்லை சார். பழகத்தானே வந்திருக்கேன்.”

“பழகாதவங்க கையில கொடுத்தா கெட்டுப்போயிடும். பழகிட்டு வாங்க, தர்றேன்.”

“எங்க போய்ப் பழகறது?”

“இங்கதான். இந்த வசதி ஊர்ல வேற எங்கயும் கிடையாது” என்று சொல்லிவிட்டு, காப்பாளர் கண்ணாடியில் விழுந்திருந்த கேபிள்காரரின் மூச்சைத் துடைத்தார்.

நாய்க்குக் கிடைத்த தேங்காய் என்பார்கள். தேங்காயாவது நாளானால் அழுகும், தூக்கிப் போட்டுவிடலாம். இந்தப் பெட்டிகளுக்கு வருஷா வருஷம் பராமரிப்புக்கு ஆள் வந்து, உறையின் மேலேயே துடைத்து, நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதனால் பாடம் தெர்மாகோல் பெட்டியில் நடந்தது. அதன் முகப்பில் பச்சை மையில் மூன்று விளக்குகள் வரைந்திருந்தார்கள். “இந்தக் கருவி இதுவரைக்கும் ஒரு தடவைகூட டவுன் ஆனதில்லை” என்று காப்பாளர் அடிக்கடி சொன்னார். அதை யாராலும் மறுக்க முடியவில்லை. கீபோர்டுக்குப் பதிலாக அதன் படம் அச்சடித்த தாள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கேபிள்காரர் தாளின் மேல் விரலால் குத்திக் கட்டளை அடித்தார். தப்பாக அடித்ததாக அவருக்கே தோன்றி அழிக்கிற பட்டனைத் தேடினால், தாளின் அந்த மூலை கிழிந்திருந்தது. வேறு தாள் கேட்டார். அரையாண்டுக்கு ஒன்றுதான் என்றார்கள்.

அடுத்த வாரம் மாணவர்களையே தகவல்களாக ஓடவிட்டார்கள். தாழ்வாரம் ஒரு லைன், பின்பக்க மாடிப்படி இன்னொரு லைன். உடம்பு கனத்தவர்களெல்லாம் வீடியோ. சுருட்டை முடிக்காரனாக இருந்ததால் சுருட்டை என்றே பேர் வாங்கிய சக டெக்னீஷியன் மின்னஞ்சல். போன மாதம்தான் அப்பாவானவன், தூக்கமில்லாமல் மெதுவாகத்தான் நடந்தான். கேபிள்காரர் குரல். “குரலுக்கு முன்னுரிமை. எல்லாரையும் இடிச்சுக்கிட்டுப் போங்க” என்று காப்பாளர் விசில் ஊதினார். கேபிள்காரர் இடித்துக்கொண்டு போனார். மாடிப்படிக்குள் நுழைந்ததும் கதவு பின்னால் பூட்டிக்கொண்டது. சாவி யாரிடமென்று யாருக்கும் தெரியாததால் மதியம் வரை இருட்டில் உட்கார்ந்திருந்தார். அன்றைய அறிக்கையில் ‘வழியில் தொலைந்த தகவல்: ஒன்று’ என்று எழுதி, செய்முறை வெற்றி என்று முடித்தார்கள்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இயக்குநரின் அறைக்கு வெளியே காத்துக் கிடந்து, ஒருநாள் அவரைப் பிடித்தார்.

“சார், எங்க அக்கா மகன் சொல்றான். இந்தப் பெட்டியோட சாஃப்ட்வேரை வீட்டுக் கம்ப்யூட்டர்லயே போட்டு, கிளை, லைன் எல்லாம் பொய்யா உண்டாக்கிப் பழகலாமாம். உடைஞ்சா திரும்பப் போட்டுக்கலாமாம். இங்க அப்படி ஏதாவது…”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார்.

“பாருங்க, வீட்டுல பழகினா அது பொழுதுபோக்கு. இங்க பழகினாத்தான் பயிற்சி. அந்த மாதிரி சாஃப்ட்வேர் நம்மகிட்டயும் இருக்கு. ஆனா அதுல மாணவர்கள் தப்புத் தப்பா அடிக்கிறாங்க. தப்பு நடக்கிற இடத்தை எப்படி நாம பயிற்சி மையம்னு சொல்லிக்க முடியும்? அதான் மூடிட்டோம்.”

அந்த வாரமே மனைவி டயாலிசிஸ் நடக்காமல் திரும்பி வந்தாள். கிளையில் லைன் இல்லையாம். தலைமை டாக்டரின் சம்மதம் திரையில் வந்தால்தான் நர்ஸ் மெஷினைப் போட முடியும். சாயங்காலம் வரை உட்காரவைத்துவிட்டு, போய் வாருங்கள் என்றார்கள்.

“முன்னெல்லாம் நீங்க ஏணியைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவீங்க. இப்ப ஏன் வரலை?” என்று கேட்டாள்.

“கிளையில இருக்கிற பெட்டியை அலமாரியில வெச்சு சீல் போட்டுட்டாங்கம்மா. சான்றிதழ் இருக்கிறவன்தான் திறக்கணுமாம்.”

“சான்றிதழ் யார்கிட்ட இருக்கு?”

“இன்னும் யாருக்கும் கொடுக்கலை.”

அவள் காலை நீட்டிக் காட்டினாள். கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தின இடம் குழியாகவே நின்றது. அவருக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அதற்குப் பதிலாகத் தாள் கீபோர்டை எடுத்துவைத்துக்கொண்டு, விடியும்வரை குத்திக்கொண்டிருந்தார்.

தேர்வும் அவளுடைய அடுத்த டயாலிசிஸும் ஒரே நாளில் வந்தன. காலையில் அவளால் பஸ் படி ஏற முடியவில்லை. மூச்சு இரைத்தது. கிளை, மையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, “இன்னிக்கு எப்படியாவது போட்டுடுங்கம்மா, இன்னொரு தடவை தாங்காது” என்று நர்ஸிடம் கையெடுத்துக் கும்பிட்டார். “சம்மதம் வந்தா போட்டுடுவேன், சார். என் கையில என்ன இருக்கு?” என்றாள் நர்ஸ். அவள் கையில் நிஜமாகவே ஒன்றும் இல்லை. அவளும் ஒரு சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டவள்தான்.

தேர்வுக்கூடத்தில் இயக்குநர் உரையாற்றினார்.

“நண்பர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நம் மையம் தொடங்கிய நாள் முதல், நம் கருவிகளில் ஒரு கீறல்கூட விழவில்லை. இது சாதாரணச் சாதனை அல்ல. எத்தனையோ மாணவர்கள் வந்தார்கள், போனார்கள், கருவிகள் அப்படியே இருக்கின்றன. இன்று நீங்கள் முதல்முறையாக உண்மையான ஒரு திரையின் முன் அமரப்போகிறீர்கள். தயங்காதீர்கள். துணிந்து வெட்டுங்கள். ஒரு கிளையின் லைனைத் திரையிலிருந்தே வெட்ட வேண்டும், அதுதான் வினா. பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது என்பதால், முதல் மாணவர் எந்தக் கிளையைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதுவே அனைவருக்கும்.”

மூத்தவர் என்ற மரியாதையில் முதல் ஆளாகக் கேபிள்காரரைக் கூப்பிட்டார்கள். திரையில் குழுமத்தின் கிளைகளெல்லாம் வரிசையாக நின்றன, அசல் பெயரோடு, அசல் பச்சையோடு. அவருக்கு மலைப்பாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, பொய்க்குச் செய்தாலும் எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். நிஜமான கீபோர்டு விரலுக்குக் கீழே அமுங்கியது. எந்தக் கிளை? யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அவள் படுத்திருக்கிற கிளை. அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு தைரியம் வந்தது. அவள் பக்கத்தில் இருந்தால் கை தப்புச் செய்யாது என்று ஒரு நம்பிக்கை.

அடித்தார். தாளில் ஆயிரம் முறை அடித்த அதே கட்டளை. பச்சை சிவப்பானது.

கூடம் கைதட்டியது. கேபிள்காரர் முகத்தை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பாஸ். அவள் பிழைத்துக்கொண்டாள்.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

“ஏங்க,” மனைவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது, “இங்க திரை அணைஞ்சுபோச்சு. சம்மதம் வர்ற நேரம் பார்த்துப் போச்சு. நர்ஸம்மா லைன் கட் ஆயிடுச்சுங்கறாங்க. எனக்கு மூச்சு…”

கேபிள்காரர் திரையைப் பார்த்தார். சிவப்பு. அவருக்கு எல்லாம் விளங்கியது.

“சார், இது நிஜக் கிளை! நிஜ லைன்!”

“பின்னே?” என்றார் இயக்குநர். “பொம்மைக் கிளையை வெட்டினா அது என்ன செய்முறை?”

“அங்க நோயாளிங்க இருக்காங்க சார்! கண்ணாடி அலமாரியில ஆறு பெட்டி சும்மாதானே கிடக்குது, அதுல வெட்டச் சொல்லியிருக்கலாமே!”

காப்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இயக்குநர் பொறுமையாக விளக்கினார்: “அந்த ஆறும் மையத்தோட சொத்து. அதுல ஏதாவது ஆச்சுன்னா தணிக்கைக்காரங்க என்னைக் கேப்பாங்க. கிளையில லைன் போச்சுன்னா யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. ‘நெட் இல்லை’ன்னு சொல்லிட்டுக் காத்திருப்பாங்க. மக்களுக்குப் பழக்கம். போன வாரம்கூட இதே கிளையை வெட்டி ஒத்திகை பார்த்தோம். ஒரு புகார் வரலை.”

“அது மாற்று லைனுக்குத் தாவணுமே சார்! அதுதானே இதோட வித்தையே!”

“தாவுறது மூணாம் நிலை. அந்த லைனே இன்னும் வாங்கலை.”

“சரி, இதைத் திரும்ப ஒட்டிடறேன். இதோ…” கேபிள்காரர் அடித்தார். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது திரை.

“வெட்டுறது முதல் நிலை” என்றார் காப்பாளர். “ஒட்டுறது இரண்டாம் நிலை. அந்த வகுப்பு அடுத்த மாசம்.”

“அப்ப ஒட்டத் தெரிஞ்சவங்க யாராவது வாங்கய்யா! உங்க கால்ல விழறேன்!” விழவே விழுந்தார். இயக்குநர் காலை இழுத்துக்கொண்டு காப்பாளரைப் பார்த்தார். காப்பாளர் இயக்குநரைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியாது.

“போன தடவை எப்படி வந்துச்சு?” என்று இயக்குநர் கேட்டார்.

“ராத்திரி அங்க கரண்டு போய் வந்துச்சு சார். பெட்டி அணைஞ்சு எழுந்ததும், நாம வெட்டினதை மறந்துட்டு, பழைய நினைப்புல வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு.”

கேபிள்காரர் நர்ஸைப் போனில் பிடித்தார். அலமாரியைத் திறந்து பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சினார். சீல் வைத்த அலமாரி, சான்றிதழ் உள்ளவர்தான் திறக்கலாம், மீறினால் என் வேலை போய்விடும், எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று நர்ஸ் அழுதாள். அவர் எழுந்து இயக்குநரின் மேஜைக்குப் போய், “நான் பாஸ்தானே? சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க” என்றார். இயக்குநர் பேனாவைத் திறந்து, மூடி, புகைப்படக்காரர் எங்கே என்று கேட்டார். கேபிள்காரர் பேனாவை அவர் கையில் அழுத்திவைத்து, அந்தக் கையைப் பிடித்துக் கையெழுத்தைத் தானே நடத்திவைத்தார். மையத்தின் வரலாற்றில் யாரோ ஒருவர் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒருமுறைதான்.

அவர் வெளியே பாயும்போது, தேர்வின் நடுவே போன் அடித்ததைக் கண்டித்து எல்லாருடைய போனையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு தெருவையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். கிளையில் நர்ஸ் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, சீலை உடைக்க விட்டாள். பெட்டியை அணைத்தார். போட்டார். மனைவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பெட்டி நிதானமாக எழுந்தது. சிவப்பு, மஞ்சள், அப்புறம் பச்சை. திரையில் ‘தலைமை மருத்துவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கவும்’ என்று ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

“வந்துடுச்சும்மா. இதோ வந்துடும்” என்று அவள் முதுகைத் தடவினார்.

போன் அடித்தது. இயக்குநர்.

“பச்சை வந்துடுச்சே! பிரமாதம். நல்ல வேளை நீங்க அங்க இருக்கீங்க. சிவப்பா இருக்கறதை வெட்ட முடியாதுன்னு தேர்வு நின்னுபோயிருந்துது. இனி ஒவ்வொருத்தரும் வெட்ட வெட்ட, நீங்க போட்டுக்கிட்டே இருங்க. இன்னும் பதினாலு பேர் இருக்காங்க.”

“சார், கொஞ்சம் பொறுங்க! சம்மதம் வந்துக்கிட்டிருக்கு, அது வர்ற வரைக்குமாவது. இல்லை, வேற கிளையை வெட்டச் சொல்லுங்க!”

“அதெப்படி? வேற கிளைன்னா பாரபட்சம் ஆயிடும். நீங்க தேர்ந்தெடுத்ததுதானே?” போன் வைக்கப்பட்டது.

அடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவன் சுருட்டை. கூப்பிட்டார். பிடுங்கி வைத்த போன்களுக்கு நடுவே எங்கேயோ அவன் போன் அடித்து ஓய்ந்தது. சுருட்டை நல்லவன். சொன்னால் நிறுத்துவான். இல்லை, கைக்குழந்தைக்காரன், நிறுத்த மாட்டான். அவனுக்குக் கட்டளை மறந்துபோகட்டும், விரல் வழுக்கட்டும் என்று கேபிள்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினார். நேற்றுவரை அவனுக்கு அந்தக் கட்டளையை மனப்பாடம் செய்யவைத்தவர் அவர்தான்.

வட்டம் முக்கால்வாசி நிறைந்தது. நர்ஸ் மெஷினின் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

திரை அணைந்தது.

சுருட்டை பாஸ். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “என்னங்க, வந்துடுச்சா?”

“வந்துடும்மா” என்றார். ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையை நீட்டிப் பெட்டியை அணைத்துப் போட்டார். அடுத்து உட்காருகிறவன் யாராக இருந்தாலும், அவன் மண்டையில் ஒன்றுமே ஏறாத மடையனாக இருக்க வேண்டும், மையம் அவனுக்கு ஒரு மண்ணும் கற்றுக்கொடுத்திருக்கக் கூடாது என்று மனசாரக் கும்பிட்டுக்கொண்டே, அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.